16-ஆ, 200-ஆ, 6,408-ஆ? ஈவென்ட் லூப் திரெட் கணக்கு

கேள்வி: நாங்கள் வாகன டிராக்கிங் சேவை நடத்தும் சிறிய நிறுவனம். 12,000 வண்டிகளில் இருக்கும் ஜிபிஎஸ் கருவிகள் 10 செகண்டுக்கு ஒருமுறை டிசிபி வழியாகப் பாக்கெட் அனுப்புகின்றன. சர்வர் ஜாவாவில், நெட்டி என்ற நெட்வொர்க் லைப்ரரியில் எழுதியது. மெஷினில் 8 விசிபியு (மெய்நிகர் சிபியு). வந்த பாக்கெட்டை ஹேண்ட்லரிலேயே (பாக்கெட் வந்ததும் நெட்டி கூப்பிடும் எங்கள் கோடு) பிரித்து, ஜேடிபிசி என்ற ஜாவா டேட்டாபேஸ் இணைப்பு மூலம் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் எழுதிவிட்டு, கருவிக்கு ஒப்புகை அனுப்புகிறோம். டேட்டாபேஸ் கனெக்ஷன்களைத் திறந்து வைத்துப் பகிர்ந்து தரும் ஹிகாரி கனெக்ஷன் பூலின் அளவு 20. சாதாரண நாளில் ஒரு இன்சர்ட்டுக்கு (ஒரு பதிவை எழுத) 5 மில்லிசெகண்ட் ஆகும். மாதக் கடைசியில் வாடிக்கையாளர்கள் ரிப்போர்ட் எடுக்க ஆரம்பித்தால் 40-க்குப் போய்விடும். அப்போது கருவிகள் கொத்துக் கொத்தாகத் துண்டித்துக்கொண்டு மறுபடி இணைகின்றன. நெட்டி தானாக வைத்த 16 ஈவென்ட் லூப் திரெட்டை (ஒவ்வொன்றும் பல கனெக்ஷனை மாறி மாறிக் கவனிக்கும்) 200 ஆக்கினோம். ஒரு மாதம் பரவாயில்லை போலத் தெரிந்தது. அப்புறம் அதே கதை. எங்கள் சீனியர் 16-க்கே திரும்பச் சொல்கிறார். இணையத்தில் கிடைத்த சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் 6,408 வருகிறது. எதை வைப்பது? அடுத்து 2 சிபியு லிமிட்டுடன் கன்டெய்னருக்கு மாறப்போகிறோம், அங்கே எத்தனை? ஜாவா 21-இன் வர்ச்சுவல் திரெட்டுக்கு (ஜாவாவே நிர்வகிக்கும் இலகுவான திரெட்) போனால் இந்தத் தலைவலியே இருக்காதா? திரெட் டம்ப் (ஒவ்வொரு திரெட்டும் அந்த நொடியில் எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) இணைத்திருக்கிறேன்.

பதில்: மூன்றும் வேண்டாம். உங்கள் ஈவென்ட் லூப்புக்கு 2 போதும், தாராளமாக 4 வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்போதிருக்கும் கோடில் அந்த எண்ணை மட்டும் 4 ஆக்கி ரிலீஸ் பண்ணிவிடாதீர்கள். ரிப்போர்ட் எடுக்காத நாளிலேயே சர்வர் படுத்துவிடும்.

முதலில் உங்கள் டம்ப்பைப் பார்ப்போம். 200 ஈவென்ட் லூப் திரெட்டில் 20 மட்டும் போஸ்ட்கிரஸ் டிரைவருக்குள், சாக்கெட்டிலிருந்து பதில் படிக்கும் இடத்தில் நிற்கின்றன. மீதியில் பெரும்பாலானவை ஹிகாரியின் கெட்கனெக்ஷன் வரியில் 'டைம்டு வெயிட்டிங்' என்று கிடக்கின்றன. அந்த இருபதுக்கும் 'ரன்னபிள்' என்று போட்டிருப்பதால் அவை வேலை செய்கின்றன என்று நினைத்திருக்கிறீர்கள். டம்ப் எடுக்கும் ஜேஸ்டாக் டூல் அப்படித்தான் காட்டும். நேட்டிவ் கோடுக்குள் போய் நெட்வொர்க்குக்காகச் சும்மா காத்திருக்கும் திரெட்டும் அதன் கண்ணுக்கு ரன்னபிள்தான். ஈபோல் வெயிட்டில் (எந்தச் சாக்கெட்டிலாவது டேட்டா வந்தது என்று கர்னல் சொல்லும் வரை காத்திருக்கும் இடம்) தூங்கும் ஆரோக்கியமான ஈவென்ட் லூப்பையும் ரன்னபிள் என்றே எழுதும். அதனால் நிலையை விட்டுவிட்டு ஸ்டாக்கின் மேல் வரிகளைப் படியுங்கள். ஈவென்ட் லூப் என்று பெயர் கொண்ட திரெட்டின் ஸ்டாக்கில் ஜேடிபிசி என்ற சொல் தென்பட்டாலே வடிவமைப்பில் கோளாறு என்று அர்த்தம். எண்ணைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான்.

நெட்டியில் ஒரு கனெக்ஷன் வந்தவுடன் அது ஒரு ஈவென்ட் லூப்பிடம் ஒப்படைக்கப்படும். துண்டிக்கும் வரை அந்த ஒரே லூப்தான் அதைப் பார்த்துக்கொள்ளும். 12,000 கருவியை 16 லூப்புக்குப் பிரித்தால் ஆளுக்கு 750. ஒரு கருவியின் இன்சர்ட்டுக்காக லூப் 40 மில்லிசெகண்ட் நின்றால், அந்த நேரம் முழுக்க மற்ற 749 கருவிகளின் பாக்கெட்டும் கர்னலின் பஃபரில் கிடக்கும். 'உயிரோடு இருக்கிறேன்' என்று மட்டும் சொல்லும், டேட்டாபேஸே தேவைப்படாத ஹார்ட்பீட் பாக்கெட்டுக்குக்கூடப் பதில் போகாது. பதில் வராத கருவி லைன் செத்துவிட்டது என்று முடிவு கட்டித் துண்டிக்கும், மறுபடி இணையும், லாகின் பாக்கெட் அனுப்பும், தேக்கி வைத்த பழைய பாக்கெட்டுகளையும் சேர்த்துக் கொட்டும். மூச்சுத் திணறும் சர்வர்மேல் இன்னும் கொஞ்சம் சுமை. நீங்கள் சொல்லும் 'கொத்துக் கொத்தாக' இதுதான்.

200 ஆக்கியதும் ஏன் கொஞ்ச நாள் நன்றாக இருந்தது? ஒரு லூப்பின் பொறுப்பில் 750-க்குப் பதில் 60 கருவிகள்தான். ஒருவர் நின்றால் 59 பேர்தான் கூட நிற்பார்கள். ஹார்ட்பீட் பதில்கள் முன்பைவிடச் சீக்கிரம் போயிருக்கும். ஆனால் எழுதும் வேகம் கூடவில்லை. கணக்கைப் பாருங்கள். 12,000 கருவி, 10 செகண்டுக்கு ஒன்று என்றால் செகண்டுக்கு 1,200 பாக்கெட் வருகிறது. இன்சர்ட் 40 மில்லிசெகண்ட் ஆகும்போது 16 திரெட்டால் செகண்டுக்கு எழுத முடிவது 400. திரெட்டை 200 ஆக்கினாலும் கனெக்ஷன் 20தான், ஆகவே 500. பந்தியில் இருபது இலை போட்டுவிட்டு, வாசலில் நிற்பவர்களை மட்டும் இருநூறாக்கினால் சாப்பாடு சீக்கிரம் முடியாது. வருவது 1,200, போவது 500. செகண்டுக்கு 700 பாக்கெட் தேங்கும் இடத்தில் எந்த எண்ணும் காப்பாற்றாது. 5 மில்லிசெகண்ட் நாட்களில் 16 திரெட்டால் 3,200 எழுத முடியும் என்பதால் கோளாறு வெளியே தெரியாமல் ஒளிந்திருந்தது. இதே கோடில் 4 வைத்தால் 5 மில்லிசெகண்ட் நாளிலும் 800தான் எழுதும். முதல் பத்தியில் எச்சரித்தது அதனால்தான்.

200 என்ற எண் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரின் மேக்ஸ்திரெட்ஸ் இயல்பு மதிப்பு 200. அது ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு திரெட் என்ற பழைய ஏற்பாட்டின் எண். அங்கே திரெட் காத்திருப்பது தப்பில்லை, காத்திருக்கத்தான் அது இருக்கிறது. ஆயிரக்கணக்கான கனெக்ஷனுக்கு அந்த ஏற்பாடு கட்டுப்படியாகாது என்பதைத்தான் டான் கெகல் 1999-இல் 'சி10கே' (பத்தாயிரம் கனெக்ஷன்) என்று பெயர் வைத்துப் பேசினார். ஒரே திரெட் பல்லாயிரம் சாக்கெட்டைக் கவனிக்க லினக்ஸில் ஈபோல் வந்ததும், அதன்மேல் நெட்டி போன்றவை எழுந்ததும் அதற்குப் பிறகு. நெட்டிக்குள் வந்துவிட்டு டாம்கேட் எண்ணை வைத்தால் இரண்டு ஏற்பாட்டின் குறையும் நமக்குக் கிடைக்கும், நிறை எதுவும் கிடைக்காது. இதற்காக '200 திரெட், ஆளுக்கு 1 எம்பி ஸ்டாக், 200 எம்பி வீண்' என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். அது ஒதுக்கி வைக்கும் விர்ச்சுவல் இடம்தான், தொட்ட பக்கங்கள் மட்டுமே உண்மையான மெமரியைத் தின்னும். உங்கள் பிரச்சினை மெமரி அல்ல.

சரி, 6,408-க்கு வருவோம். கோர் எண்ணிக்கையை '1 + காத்திருக்கும் நேரம் ÷ சிபியு நேரம்' என்பதால் பெருக்கு என்கிறது அந்தச் சூத்திரம். உங்கள் பாக்கெட்டுக்கு சிபியு வேலை 0.05 மில்லிசெகண்ட், காத்திருப்பு 40. 8 × 801 = 6,408. பெருக்கலில் பிழையில்லை. சிபியு சும்மா இருக்கக் கூடாது என்றால் எத்தனை திரெட் வேண்டும் என்ற கேள்விக்கு அது சரியான விடை. ஆனால் உங்கள் சிபியுவைப் பிசியாக வைத்திருப்பது யாருடைய லட்சியம்? அந்தப் பக்கம் இருக்கும் டேட்டாபேஸ் 6,408 இன்சர்ட்டை ஒரே நேரத்தில் ஏற்குமா என்று சூத்திரம் கேட்பதில்லை. போஸ்ட்கிரஸில் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனி புராசஸ். மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் இயல்பே 100தான்.

அதே 0.05 மில்லிசெகண்டை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். 1,200 பாக்கெட்டைப் பிரிக்க ஒரு செகண்டில் ஆகும் மொத்த சிபியு நேரம் 60 மில்லிசெகண்ட். அதாவது ஒரு கோரில் 6 சதவீதம். டேட்டாபேஸ் வேலையை வெளியே எடுத்துவிட்டால் ஒரே ஒரு ஈவென்ட் லூப் திரெட் 12,000 கருவியையும் பார்த்துக்கொண்டு மீதி நேரம் தூங்கும். ஆறு மடங்கு பாக்கெட் வந்தாலும் அரைக் கோர் ஆகாது. நெட்டியின் இயல்பான 'கோர் × 2' என்பது உங்கள் வேலையைப் பற்றி எதுவும் தெரியாமல் வைத்த பொது எண். ஹேண்ட்லருக்குள் காத்திருப்பே இல்லை என்றால் கோர் எண்ணிக்கைக்கு மேல் ஈவென்ட் லூப் வைத்து ஒரு லாபமும் இல்லை. அதிலும் கிளவுடில் 8 விசிபியு என்பது பல இடங்களில் 4 நிஜக் கோர்தான். நான் 4 என்று சொன்னது, ஏதோ ஒரு லூப் எதிர்பாராமல் திணறினால் எல்லாக் கருவிகளும் சேர்ந்து பாதிக்கப்படாமல் இருக்கட்டும் என்றுதான்.

இப்போது எழுதும் பக்கம். இதில்தான் நேரம் செலவிட வேண்டும். பலர் செய்வது, எக்ஸிக்யூட்டர்ஸ் கிளாஸிலிருந்து ஒரு ஃபிக்ஸ்டு திரெட் பூல் எடுத்து இன்சர்ட்டை அதில் தள்ளிவிடுவது. ஈவென்ட் லூப் உடனே மூச்சு விடும், டாஷ்போர்டு பச்சையாகும். ஆனால் அந்தப் பூலுக்கு முன்னால் நிற்கும் வரிசைக்கு எல்லை கிடையாது. மாதக் கடைசியில் செகண்டுக்கு 700 என்று ஜாவாவின் ஹீப் மெமரியில் ஏறிக்கொண்டே போய், ஒரு மணி நேரத்தில் 25 லட்சம் பாக்கெட் ஆகும். துண்டிப்புப் பிரச்சினையை 'அவுட் ஆஃப் மெமரி' பிரச்சினையாக மாற்றியதுதான் மிச்சம். நெட்டியின் சொந்த டிஃபால்ட் ஈவென்ட் எக்ஸிக்யூட்டர் குரூப்பும் இயல்பாக எல்லையற்ற வரிசையோடுதான் வருகிறது. இன்னொரு பொறியும் உண்டு. கோர்சைஸ் 8, மேக்ஸ்சைஸ் 64 என்று பூல் வைத்துவிட்டு, தேவைப்பட்டால் 64 வரை வளரும் என்று நம்புவார்கள். ஜாவாவின் திரெட் பூல் வரிசை நிரம்பிய பிறகுதான் கோர்சைஸைத் தாண்டும். எல்லையற்ற வரிசை எப்போது நிரம்பும்? அந்த 64 வெறும் அலங்காரம்.

உங்களுக்கு நான் சொல்வது இது. எழுதுவதற்கென்று 4 திரெட். ஒவ்வொன்றுக்கும் எல்லை வைத்த தனி வரிசை, தனி டேட்டாபேஸ் கனெக்ஷன். கருவியின் ஐஎம்இஐ எண்ணை ஹாஷ் செய்து எந்த வரிசை என்று தீர்மானியுங்கள். அப்படிச் செய்தால் ஒரு வண்டியின் பாக்கெட் எப்போதும் ஒரே திரெட்டுக்குப் போகும், வரிசைக்கிரமம் குலையாது. பொதுப் பூலில் போட்டால் 10:00:20 பாக்கெட் 10:00:10 பாக்கெட்டை முந்திக்கொண்டு எழுதப்படும், மேப்பில் வண்டி பின்னோக்கி ஓடும். எழுதும் திரெட் ஒவ்வொன்றாக எழுதாமல், வரிசையில் இருப்பதை 500 வரை அள்ளி ஒரே டிரான்ஸாக்ஷனில் போட வேண்டும். போஸ்ட்கிரஸ் ஜேடிபிசி டிரைவரில் 'ரீரைட்பேட்ச்டுஇன்சர்ட்ஸ்' என்ற அமைப்பை இயக்கினால் பேட்ச்சில் உள்ள இன்சர்ட்டுகளைப் பல பதிவுகள் கொண்ட ஒரே இன்சர்ட்டாகச் சேர்த்து அனுப்பும். கமிட்டுக்கு ஒருமுறை டிஸ்க்கில் எழுதி உறுதி செய்யும் செலவு, முன்பு பாக்கெட்டுக்கு ஒன்று, இப்போது சில பத்துக்கு ஒன்று. இதில் எனக்குப் பிடித்த விஷயம், டேட்டாபேஸ் மெதுவானால் அதற்குள் வரிசையில் நிறையச் சேரும், அடுத்த தொகுதி தானாகப் பெரிதாகும். 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தொகுதி என்றாலும் திரெட்டுக்கு 30 பாக்கெட்தான் விழும். 500 வரை இடம் இருக்கிறது. ஹிகாரியின் 20-ஐயும் எழுதும் வேலைக்கு 4-ஆகக் குறைத்துவிடலாம்.

வரிசையின் எல்லை எவ்வளவு? எண்ணிக்கையில் யோசிக்காமல் நேரத்தில் யோசியுங்கள். கருவி ஒப்புகைக்காக எத்தனை செகண்ட் காத்திருக்கும் என்று அதன் மேனுவலில் இருக்கும். அதில் பாதிக்கு மேல் ஒரு பாக்கெட் வரிசையில் கிடக்கக் கூடாது. 20 செகண்ட் என்றால் 10 செகண்ட் சரக்கு, அதாவது மொத்தம் 12,000, வரிசைக்கு 3,000. நிரம்பிவிட்டால் ஈவென்ட் லூப்பிலிருந்து 'புட்' கூப்பிடாதீர்கள், அது நின்று காத்திருக்கும், பழைய வியாதி திரும்பிவிடும். 'ஆஃபர்' கூப்பிட்டு, அது முடியாது என்றால் அந்தக் கனெக்ஷனில் நெட்டி தானாகப் படிக்கும் ஆட்டோரீடை அணைத்துவிடுங்கள். சர்வர் படிப்பதை நிறுத்தினால் டிசிபி விண்டோ மூடும், பாக்கெட் கருவியின் பக்கமே தங்கும். வரிசை பாதிக்குக் கீழே இறங்கியதும் மறுபடி இயக்குங்கள். ஒரு சின்ன விஷயம்: ஆட்டோரீடை அணைத்த பிறகும், ஏற்கெனவே படித்த பைட்டுகளிலிருந்து டிகோடர் இன்னும் சில பாக்கெட்டைப் பெற்றெடுத்துக் கொடுக்கும். அவற்றைப் பிடித்து வைக்க நெட்டியில் ஃப்ளோகண்ட்ரோல்ஹேண்ட்லர் இருக்கிறது. டிகோடருக்கு அடுத்து அதைப் போடுங்கள்.

ஒப்புகையை எப்போது அனுப்புவது என்று உங்கள் டீமில் சண்டை வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். வரிசையில் போட்டவுடன் அனுப்பினால் வேகமாகத் தெரியும். ஆனால் ஒப்புகை கிடைத்ததும் தன் மெமரியிலிருந்து அழித்துவிடும் கருவி என்றால், சர்வர் அந்த நேரத்தில் விழுந்தால் பாக்கெட் போயே போச்சு. கமிட் ஆன பிறகே அனுப்புங்கள். எழுதும் திரெட்டிலிருந்து, ஒப்புகையை அனுப்பும் ரைட்அண்ட்ஃப்ளஷ் கூப்பிடுவது பாதுகாப்பானதுதான், நெட்டி அதை உரிய ஈவென்ட் லூப்பிடம் தானே கொடுத்துவிடும். அப்புறம் அந்த ரிப்போர்ட் குவெரிகள். எழுதும் டேட்டாபேஸிலேயே அவை ஓடும் வரை 40 மில்லிசெகண்ட் என்பது 400 ஆகவும் வாய்ப்பிருக்கிறது. ஒரு ரீட் ரெப்ளிகா (படிக்க மட்டுமான டேட்டாபேஸ் நகல்) வைத்து அங்கே தள்ளிவிடுங்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதற்குத்தான் பலன் அதிகம் இருக்கும், ஆனால் பட்ஜெட் கேட்க வேண்டியது நீங்கள்.

மாற்றியது வேலை செய்கிறதா என்று பார்க்க சிபியு கிராஃப் உதவாது. ஒவ்வொரு ஈவென்ட் லூப்பிலும் 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஓடும் ஒரு வெற்று டாஸ்க்கை ஷெட்யூல் செய்து, அது எவ்வளவு தாமதமாக ஓடுகிறது என்பதைப் பதியுங்கள். லூப் ஆரோக்கியமாக இருந்தால் ஓரிரு மில்லிசெகண்ட் இருக்கும். 50-ஐத் தாண்டினால் யாரோ உள்ளே காத்திருக்கிறார்கள், டம்ப் எடுங்கள். லோடு டெஸ்ட்டில் இன்சர்ட்டுடன் பிஜி_ஸ்லீப் சேர்த்து 40 மில்லிசெகண்ட் செயற்கையாக உண்டாக்குங்கள், மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். போலிக் கருவி, ஒப்புகை வந்த பிறகே அடுத்த பாக்கெட்டை அனுப்புவதுபோல் எழுதியிருந்தால் சர்வர் மெதுவாகும்போது அதுவும் மெதுவாகும், ரிசல்ட் அழகாக வரும், பொய்யாக இருக்கும். கடிகாரம் பார்த்து 10 செகண்டுக்கு ஒன்று அனுப்ப வேண்டும்.

கன்டெய்னர் கேள்வி. 2 சிபியு லிமிட் என்றால் இரண்டு கோரைப் பிரித்துத் தருகிறார்கள் என்று பொருளல்ல. லினக்ஸ் கர்னல் ஒவ்வொரு 100 மில்லிசெகண்டுக்கும் 200 மில்லிசெகண்ட் சிபியு நேரத்தைக் கோட்டாவாகக் கொடுக்கிறது. அடியில் இருக்கும் மெஷின் 16 கோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டிப்பு அலை வந்து உங்கள் 200 திரெட்டில் 16 ஒரே நேரத்தில் எழுந்து ஓடினால் 12.5 மில்லிசெகண்டில் கோட்டா காலி. மீதி 87.5 மில்லிசெகண்ட் புராசஸ் முழுக்க உறைந்து நிற்கும். கிராஃபில் சராசரி சிபியு சாதுவாகத் தெரியும், லேட்டன்சி மட்டும் பல்லைக் காட்டும். இந்த லிமிட்டை அமல்படுத்தும் சிகுரூப்பின் சிபியு.ஸ்டாட் ஃபைலில் என்ஆர்_த்ராட்டில்டு என்ற எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஜாவா 10 முதல், 8-இல் அப்டேட் 191 முதல், ஜாவா கோடை ஓட்டும் ஜேவிஎம் இந்த லிமிட்டைப் புரிந்துகொண்டு கோர் எண்ணிக்கையை 2 என்றே சொல்லும். ஆகவே ஈவென்ட் லூப் எண்ணைக் கோடில் கையால் எழுதாமல், கிடைக்கும் புராசஸர் எண்ணிக்கையைக் கேட்டு அதையே வையுங்கள். அங்கே 2 வரும், அது போதும். எழுதும் திரெட் 4 அப்படியே இருக்கட்டும், அவை பெரும்பாலும் காத்திருப்பவை, கோட்டாவை அதிகம் தொடுவதில்லை. புதுக் கனெக்ஷன்களை ஏற்கும் பாஸ் குரூப்புக்கும் 8 கொடுத்திருக்கிறீர்கள். ஒரு போர்ட் திறந்தால் அதில் ஒன்றுதான் வேலை செய்யும், 1 என்று மாற்றிவிடுங்கள்.

நோட்.ஜேஎஸ்காரர்களும் இதே கேள்வியை அனுப்புகிறார்கள். அங்கே சாக்கெட்டுகள் திரெட் பூல் பக்கமே போவதில்லை. ஃபைல், டிஎன்எஸ் லுக்கப், பாஸ்வேர்டை ஹாஷ் செய்யும் பிபிகேடிஎஃப்2 மாதிரி கிரிப்டோ வேலை போன்றவைதான் நோடின் அடியில் இருக்கும் லிப்யூவி லைப்ரரியின் 4 திரெட்டுக்குப் போகும். பாஸ்வேர்டு ஹாஷ் வேலைகள் அந்த நாலு திரெட்டையும் அடைத்துக்கொண்டால் டிஎன்எஸ் நின்று, வெளியே போகும் எல்லா அழைப்பும் நின்றதுபோல் தெரியும். அந்த இடத்தில் பூலைப் பெரிதாக்குவது நியாயமே.

கடைசியாக வர்ச்சுவல் திரெட். 2023 செப்டம்பரில் ஜாவா 21-உடன் நிலையான வசதியாக வந்தது. 12,000 கருவிக்கு 12,000 வர்ச்சுவல் திரெட் வைத்து, நெட்டி இல்லாமலே சாதாரண பிளாக்கிங் கோடாக எழுதலாம், படிக்கவும் சுலபம். புதிதாக ஆரம்பிப்பவராக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் டேட்டாபேஸ் முன்னால் நிற்கும் கூட்டம் அதனால் குறையாது. 12,000 பேரும் 20 கனெக்ஷனுக்காக ஹிகாரியில் நிற்பார்கள், டேட்டாபேஸ் இன்னும் மெதுவானால் 30 செகண்டில் டைம்அவுட் வாங்குவார்கள். எல்லை வைத்த வரிசை, தொகுதியாக எழுதும் 4 பேர், கமிட்டுக்குப் பின் ஒப்புகை ஆகிய மூன்றும் அங்கேயும் வேண்டும். நெட்டியை வைத்துக்கொண்டே மாறினால் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஈவென்ட் லூப் திரெட் வழக்கமான பிளாட்ஃபார்ம் திரெட்தான், ஹேண்ட்லருக்குள் காத்திருந்தால் ஜாவா பதிப்பு எதுவானாலும் அது நிற்கும். சிங்க்ரனைஸ்டு பிளாக்குக்குள் (ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் நுழையும் கோடு) காத்திருக்கும் வர்ச்சுவல் திரெட், தன்னைச் சுமந்து ஓட்டும் கேரியர் திரெட்டையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும் சங்கடம் ஜாவா 24-இல்தான் சரியானது. மாறுவதாக இருந்தால் 21-இல் நிற்காமல் நீண்டகால ஆதரவுள்ள 25-க்கே போங்கள்.